தலூன் கப்பலின் சுகாதாரச் சான்று

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், ஐந்தாம் வகுப்புச் சுவரில் ஒரு உலகப்படம் தொங்கும். பிரான்சுக்குச் சொந்தமான இடங்கள் எல்லாம் அதில் ஒரே ரோஜா நிறம். ஆப்பிரிக்காவில் பாதி அந்த நிறத்தில் இருக்கும். நம் புதுச்சேரி ஊசிமுனை அளவு. அதைவிடச் சிறிய புள்ளிகள் பசிபிக் கடலில் தூவிக் கிடக்கும். தாஹித்தி, மார்க்கேசாஸ், நூவெல் கலெதோனி என்று ஆசிரியர் பிரம்பால் காட்டிக்கொண்டே போவார், நாங்கள் கோரஸாகச் சொல்வோம். அந்தப் புள்ளிகளில் யார் இருக்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என்னோடு அந்த வகுப்பில் படித்த நண்பன் ஒருவன். 1962-க்குப் பிறகு அவன் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் அப்பா இந்தியாதான் என்று முடிவு செய்துவிட்டார். அவன் பிரெவே முடித்துப் பட்டாளத்தில் சேர்ந்தான். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா ஆனான். நான் குமாஸ்தா ஆனேன். அவன் தாஹித்தியின் தலைநகரான பப்பேத்தேயில் பல ஆண்டுகள் இருந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். இப்போது பிரான்சில் இருக்கிறான். அவன் மகள் மட்டும் இன்னும் பப்பேத்தேயில் நர்ஸாக வேலை பார்க்கிறாள்.

2021 ஆகஸ்டில் ஒருநாள் அவனிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. குரலே சரியில்லை. "டேய், பொண்ணு பத்து நாளா வீட்டுக்கே போகலடா. ஆஸ்பத்திரியிலயே படுத்துக்கிறா. தீவே சாவுது" என்றான். இங்கே நாமும் அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அதே நிலையைப் பார்த்திருந்தோம் என்பதால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்து அவன் சொன்னதுதான் மனதில் தங்கிவிட்டது. "என் மாமியார் சொல்லுவாங்க, இதே மாதிரி 1918-ல ஒரு கப்பல் வந்துச்சாம். அவங்க அம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்களாம்."

அதன்பிறகு சில மாதங்கள் அந்தக் கப்பல்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். படித்த பிரெஞ்சு எனக்கு இந்த வயதில் இதற்காவது உதவியது.

1918 காய்ச்சலை நம் வீட்டுப் பெரியவர்கள் விஷக்காய்ச்சல் என்பார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மடிந்தார்கள். அது உலகம் முழுவதும் போனது தெரிந்ததே. ஆனால் பசிபிக் தீவுகளுக்கு நோய் தானாகப் பறந்து போக முடியாது. கப்பலில்தான் போகவேண்டும். எந்தக் கப்பல், எந்தத் தேதி, யார் அனுமதித்தார் என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம். ஒரு குமாஸ்தாவுக்கு இதைவிட ஈர்க்கும் விஷயம் வேறு இருக்க முடியாது.

தலூன் என்ற கப்பல் 1918 அக்டோபர் 30-ஆம் தேதி நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அப்போதே ஆக்லாந்தில் காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் தலூனுக்கு நோயில்லை என்று சுகாதாரச் சான்று கொடுக்கப்பட்டது. பொய்ச் சான்று என்று சொல்ல முடியாது. காலரா, பிளேக், பெரியம்மை போல அறிவித்தே ஆகவேண்டிய நோய்களின் பட்டியலில் இன்புளூயன்சா அன்றைக்கு இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்குச் சான்றில் என்ன எழுதுவது? நியூசிலாந்து அரசு அதைப் பட்டியலில் சேர்த்தது நவம்பர் 6. தலூன் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தைத் தொட்டது நவம்பர் 7.

வழியில் பிஜித் தீவில் கப்பல் நின்றது. அங்கே ஓரளவு தடுத்து வைத்தார்கள். அந்த விஷயத்தை ஆப்பியாவில் யாருக்கும் சொல்லவில்லை. ஆக்லாந்தில் இப்படி ஒரு காய்ச்சல் கொல்கிறது என்று ஆப்பியா நிர்வாகத்துக்கு நியூசிலாந்தும் தந்தி அடிக்கவில்லை. துறைமுக அதிகாரி கப்பலில் ஏறிப் பார்த்தார், சான்றைப் பார்த்தார், இறங்கலாம் என்றார். நிற்க முடியாத நோயாளிகளும் கரையேறித் தங்கள் தங்கள் கிராமங்களுக்குப் போனார்கள்.

அடுத்த சில வாரங்களில் மேற்குச் சமோவாவில் இறந்தவர்கள் சுமார் 8,500 பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு 22. புதுவைப் பிரதேசத்து இன்றைய ஜனத்தொகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டரை லட்சத்துக்கு மேல் வருகிறது. அதற்குமேல் கணக்குப் போடப் பிடிக்கவில்லை.

அதே தலூன் டோங்காவுக்கும் போனது. அங்கே நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் போனார்கள். பிஜியில் நூற்றுக்கு ஐந்து. பிஜியில் செத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அங்கே இருந்தார்கள்.

தாஹித்திக்குப் போனது நவுவா என்ற இன்னொரு கப்பல். அதுவும் தலூனை வைத்திருந்த கம்பெனியின் கப்பல்தான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி பப்பேத்தேயில் நங்கூரம் போட்டது. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரே கொண்டாட்டத்தில் கூடியிருந்த நேரம். தாஹித்தியில் ஐந்தில் ஒருவர் அளவில் இறந்தார்கள். புதைக்க ஆளில்லாமல் பிணங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அடுக்கி எரித்தார்கள்.

நமக்கு எரிப்பது வழக்கம். அதனால் இந்த வரியை நாம் சாதாரணமாகக் கடந்துவிடுவோம். அந்த மக்கள் தங்கள் முன்னோரைத் தங்கள் மண்ணிலேயே புதைத்து, அந்த இடத்தை வைத்தே இது எங்கள் பூமி என்று சொல்கிறவர்கள். அவர்கள் கண்ணெதிரே பெற்றவர்களைக் கட்டையோடு கட்டையாக எரித்தால் எப்படி இருந்திருக்கும்? நண்பனின் மாமியாருடைய அம்மா அழுதது சாவுக்கு மட்டும் இல்லை, அந்தத் தீக்கும் சேர்த்துத்தான் என்று அவன் சொன்னான்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இதற்கெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சுதேசி உடம்பு பலவீனமானது, அழிந்துபோகிற இனம், விதி என்றார்கள். என் பள்ளிப் புத்தகங்களிலும் இந்தத் தொனி இருந்தது. வருந்துவதுபோல எழுதுவார்கள், ஆனால் யாரும் பொறுப்பில்லை என்பதுபோல முடிப்பார்கள்.

உடம்பில் ஓரளவு காரணம் உண்டுதான். முன்பின் அந்த வகை நோயை அதிகம் பார்க்காத தீவுகள் அவை. தற்காத்துக்கொள்ளும் சக்தி உடம்புக்குப் பழகியிருக்காது. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. ஒரு வீட்டில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேரும் ஒரே வாரத்தில் படுத்தார்கள். தண்ணீர் மொண்டு கொடுக்க ஒருவரும் இல்லை. அவர்கள் உணவு கிழங்கு, பலாவைப் போன்ற ஈரப்பலா, மீன். அன்றன்றைக்குத் தோண்டி, பறித்து, பிடித்துச் சாப்பிடுகிற சாப்பாடு. நம்மைப்போலக் குதிரில் நெல் கிடக்காது. தோட்டத்துக்குப் போகிறவன் படுத்துவிட்டால் அன்றைக்கே பட்டினி. காய்ச்சலோடு வந்த நிமோனியா பாதி வேலையைச் செய்தது, தண்ணீரும் கஞ்சியும் இல்லாதது மீதியைச் செய்தது. கிராமங்களுக்கு வைத்தியர் எட்டிப் பார்க்கவில்லை.

உடம்புதான் காரணம் என்ற வாதத்தை முறியடிக்க ஒரு சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. சமோவா என்பது ஒரே மக்கள், ஒரே பாஷை, ஒரே உடம்பு. வல்லரசுகள் அதை இரண்டாகப் பிய்த்து வைத்திருந்தன. மேற்குப் பாதி ஜெர்மனியிடம் இருந்து, 1914-இல் நியூசிலாந்து பட்டாளத்தின் கைக்குப் போனது. கிழக்குப் பாதி அமெரிக்கக் கடற்படையிடம். ஆப்பியாவுக்கும் கிழக்குப் பாதியின் பாகோ பாகோ துறைமுகத்துக்கும் உள்ள தூரம், புதுவையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம்கூட இல்லை.

கிழக்கே கவர்னராக இருந்தவர் ஜான் பாயர் என்ற கடற்படை அதிகாரி. வயர்லெஸ் செய்தியில் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்பட்டதும் துறைமுகத்தை இறுக்கினார். வருகிற கப்பலைத் தனியே நிறுத்தினார். ஆனால் ஒரு துறைமுகத்தை மூடிவிட்டால் போதாது. இரண்டு பக்கமும் சொந்தபந்தம், இரவில் படகில் வந்துவிடுவார்கள். அதனால் கிராமத்துத் தலைவர்களிடம் பேசி, அவர்களுடைய ஆட்களையே கரை நெடுகக் காவல் போட்டார். மேற்கிலிருந்து வந்த படகுகளைச் சமோவர்களே திருப்பி அனுப்பினார்கள். கிழக்குச் சமோவாவில் அந்தக் காய்ச்சலால் இறந்தவர் ஒருவர்கூட இல்லை.

பாயர் மேற்குக்கு உதவி அனுப்பவும் தயாராக இருந்தார். ஆப்பியாவில் நிர்வாகியாக இருந்த கர்னல் ராபர்ட் லோகன் அதை ஏற்கவில்லை. தன் தபாலை அந்தப் பக்கம் தடுத்து வைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் பாகோ பாகோவுடன் வயர்லெஸ் தொடர்பையே துண்டித்தார். தபால் தடைபட்டதற்கு இவ்வளவு கோபம். ஊர் முழுக்கப் பிணம் கிடக்கிறது, ஆப்பியாவை அடுத்த வைமோசோவில் பெரிய குழிகளாக வெட்டி மொத்தமாகப் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மருத்துவர்களோடு ஒரு கப்பல் வந்து சேர்ந்தபோது டிசம்பர் பிறந்துவிட்டது.

இப்படிப்பட்ட அதிகாரிகளின் கீழ் நானும் வேலை பார்த்திருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நடப்பது கண்ணில் படாது, தன் கௌரவம் மட்டும் படும். ஆனால் லோகனைத் திட்டிவிட்டு நான் எழுந்து போய்விட முடியாது. என் கணக்கிலும் ஒன்று இருக்கிறது. இதுவரை எழுதியதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஓர் அலுவலகத்தில் நான் தபால் பிரிவில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிராமத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் ஆள் மூலம் கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. பொருள் என்ற இடத்தில், ஏரிக்கரைக் குடியிருப்புக்குக் குடிநீர்க் கிணறு சுத்தம் செய்ய வேண்டுதல் என்று இருந்தது. அந்த மாதம் குடிநீர் மனுக்கள் ஐம்பதாவது வந்திருக்கும். பொருளைப் படித்தேன், எண் போட்டேன், குடிநீர் மனுக் கட்டில் செருகினேன், ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமைதான் அந்தக் கட்டு மேலே போனது. கடிதத்தின் மூன்றாவது பாராவில் இருந்தது விஷயம். ஏரிக்கரை இருளர் குடிசைகளில் நான்கு நாளாக வாந்தி பேதி, இரண்டு பேருக்கு நாடி விழுந்துவிட்டது, உடனே டாக்டரை அனுப்பவும் என்று வாத்தியார் எழுதியிருந்தார். விஷயத்தைப் பொருளில் போடாமல் பாராவில் போட்டிருந்தார், பாவம். ஜீப் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஒன்று குழந்தை.

என்னிடம் விளக்கம் கேட்பார்கள் என்று ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் குடிசைகளுக்கு எண் கிடையாது. ரேஷன் கார்டு கிடையாது. அந்த மூன்று சாவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பதிவாகாத சாவுக்கு யாரை விசாரிப்பது? என் மனைவியிடம் மட்டும் அப்போது சொன்னேன். "நீங்க வேணும்னா செஞ்சீங்க" என்றாள். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆப்பியாவில் சான்றைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று சொன்னவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

சமோவாவில் மட்டும் விசாரணை நடந்தது. 1919-இல் நியூசிலாந்து ஒரு கமிஷன் போட்டது. நோய் தலூனில்தான் வந்தது என்று கமிஷன் பதிவு செய்தது. லோகன் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. 

அந்தச் சாவில் இன்னொரு இழப்பும் இருந்தது. சமோவாவில் நிலம் குடும்பப் பட்டத்தோடு சேர்ந்தது. எந்தப் பட்டம் யாருக்கு, எந்த எல்லை எதுவரை என்பது பெரியவர்கள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு. நம்மூரில் சிட்டா, அடங்கல் எல்லாம் எரிந்துபோனால் தாலுகா ஆபீசில் என்ன கூத்து நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஏடு எரியவில்லை, ஏடாக இருந்த மனிதர்களே போய்விட்டார்கள். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் தலைவர்கள் சபையில் பெரும்பாலோர் அந்தச் சில வாரங்களில் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அடுத்த ஜனவரியிலேயே, எங்களை அமெரிக்காவோடு சேருங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அது வாபஸ் ஆனது. ஆனால் கோபம் வாபஸ் ஆகவில்லை. பின்னால் மாவு என்ற பெயரில் எழுந்த சுதந்திர இயக்கத்தில் அந்தக் கோபம் நிறைய இருந்தது. 1962 ஜனவரியில் மேற்குச் சமோவா சுதந்திரம் பெற்றது. நாம் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டு ஆகஸ்டில்தான். 2002-இல் நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்தால், 2019-இல் சமோவாவில் தட்டம்மை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நர்சுகள் தடுப்பூசி மருந்தைத் தவறான மருந்தோடு கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. அரசு ஊசித் திட்டத்தைச் சில மாதங்கள் நிறுத்தியது. மறுபடி தொடங்கியபோது தாய்மார்கள் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோய் வந்தபோது இறந்தவர்கள் 83 பேர், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். கடைசியில் அரசு ஊரை அடைத்து, ஊசி போடாத வீடுகளில் வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டது. பக்கத்துக் கிழக்குச் சமோவாவில் இந்த முறையும் ஒரு சாவும் இல்லை. அங்கே குழந்தைகளுக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தார்கள். அதே மக்கள், அதே உடம்பு.

அடிபட்ட சமோவா கோவிட் வந்ததும் கதவைச் சாத்தியது. இரண்டு வருஷம் சாத்தியே வைத்து, பெரும்பாலோருக்கு ஊசி போட்டு முடித்த பிறகு, 2022 மார்ச்சில்தான் ஊருக்குள் நோய் பரவியது. சாவு மிகக் குறைவு. தாஹித்தி 2020 ஜூலையிலேயே சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. சுற்றுலாதான் அங்கே சோறு என்பதால் அதையும் ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று லட்சம்கூட இல்லாத ஜனங்களில் அறுநூறுக்கு மேல் இறந்தார்கள், பெரும்பகுதி 2021-இன் அந்த ஆகஸ்ட், செப்டம்பரில். நண்பன் எனக்குப் போன் செய்தது அப்போதுதான்.

நூவெல் கலெதோனியின் கதை வேறு. 1918-இல் துறைமுகக் காவலால் தப்பித்த தீவு அது. 2021 செப்டம்பர் வரை கோவிட்டிடமும் தப்பித்தது. அந்த மாதம் நோய் உள்ளே வந்து, சில வாரங்களில் 250-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கனாக் என்ற பூர்வகுடிகளும் மற்ற தீவு மக்களும். பிரான்சிலிருந்து பிரிவதா வேண்டாமா என்ற மூன்றாவது வாக்கெடுப்பு அந்த டிசம்பர் 12-ஆம் தேதி என்று குறித்திருந்தார்கள். கனாக் பெரியவர்கள் ஒரு வருஷம் துக்கம் என்று அறிவித்தார்கள். செத்தவர்களுக்குச் சடங்கு முடியாமல் எங்கள் ஜனம் ஓட்டுப் போடாது, பிரசாரம் செய்யாது, தள்ளி வையுங்கள் என்று கேட்டார்கள். பாரிஸ் தள்ளி வைக்கவில்லை. கனாக்குகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். முந்தைய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 85 பேர் வாக்களித்த இடத்தில் 44 பேர்கூட வரவில்லை. பதிவான வாக்குகளில் 96 சதவீதத்துக்கு மேல் பிரான்சோடு இருப்போம் என்று வந்தது. முடிவு செல்லும் என்றார்கள்.

1954 அக்டோபரில் நம் கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவுக்கு வாக்களித்ததை என் அப்பா கதை கதையாகச் சொல்வார். அந்த வாரம் அந்த 170 பேர் வீட்டிலும் சாவு விழுந்து, பத்தாம் நாள் காரியத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரெஞ்சுக்காரர்கள் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது. சோறு போட்ட படிப்பு அவர்கள் கொடுத்தது. ஆனால் அந்த டிசம்பரில் கோபம் வந்தது. நண்பனிடமும் சொன்னேன். பென்ஷன் வாங்குகிற சொல்தா ஆயிற்றே, சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தள்ளி வச்சிருக்கலாம்டா" என்றான்.

சென்ற மாதம் அவன் மகள் பப்பேத்தேயிலிருந்து எனக்கு நேரடியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பாட்டி வழியில் 1918-இல் இறந்தவர்களின் பெயர்களைக் குடும்ப பைபிளின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்களாம். பதினொரு பெயர். அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மை மங்கி, இரண்டு பெயர்கள் சரியாகப் படிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாத்தியாரின் கடிதத்தில் ஏரிக்கரையில் இறந்தவர்களின் பெயர் இருந்திருக்க வழியில்லை. அவர் எழுதும்போது அவர்கள் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது, அந்தக் காலத்தில் ஏரிக்கரையில் இருந்த குடும்பங்களை அறிந்திருந்தால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.